அதே குழம்பு, வேறு தட்டு

ரத்தப் பரிசோதனைத் தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, எச்.பி.ஏ.1.சி (கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1 சதவீதம். இப்படி ஒரு தாளோடு உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்ன சாப்பிட வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது. சோற்றைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும், இனிப்பையும் பொரித்ததையும் தள்ளிவைக்க வேண்டும். அவர்கள் கேட்பது வேறு: "வீட்டில் யாரும் ஒத்துழைக்கவில்லை. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் எப்படிச் சமாளிப்பது?"

முதலில் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி., எச்.பி.ஏ.1.சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. சர்க்கரை இயல்பைத் தாண்டிவிட்டது. நீரிழிவு என்று சொல்லும் அளவை இன்னும் எட்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் கணக்கில், இந்தியாவில் ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். பதற ஒன்றுமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், இப்படி எல்லையில் நின்றவர்களில் பழைய வழக்கத்திலேயே விடப்பட்டவர்களில் 3 ஆண்டுகளுக்குள் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. "ரெண்டு மாசமா டயட்டுன்னு சொல்றே, தொப்பை அப்படியேதானே இருக்கு?" என்று கேட்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

வீட்டார் ஏன் ஒத்துழைப்பதில்லை? பெரும்பாலான வீடுகளில் கெட்ட எண்ணம் காரணமில்லை. "சோறு கொஞ்சமா வை" என்று நீங்கள் சொல்வது, இருபது வருடமாகச் சமைத்துப் போட்ட அம்மாவின் காதிலோ மனைவியின் காதிலோ "உன் சமையலால்தான் எனக்கு இந்த நிலை" என்று விழுகிறது. அடுத்தது வேலைப் பளு. காலை ஆறு மணிக்கு இரண்டு டிபன் பாக்ஸுக்கும் ஒரு கேரியருக்கும் சமைத்துக்கொண்டிருப்பவரிடம் போய், "எனக்கு மட்டும் ஓட்ஸ், எனக்கு மட்டும் எண்ணெயில்லாப் பொரியல்" என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார். கழுவ வேண்டிய இன்னொரு வாணலியை நினைத்து வரும் சுளிப்பு அது.

மூன்றாவது காரணம் பயம். "என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட? சுகர் ஏதும் வந்துடுச்சா?" என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்டால் போதும், அன்று இரவே அம்மா உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவார். இந்தப் பயத்தை முழுக்க ஒதுக்கிவிடவும் முடியாது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவிலும் உடல் மெலியும். அப்படி மெலிந்தவர்களை நம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. நீங்கள் உணவைத் திருத்தியதால் வாரத்துக்கு அரை கிலோ அளவில் எடை குறைந்தால் அது நல்லது. எந்த முயற்சியும் இல்லாமல் எடை இறங்கி, கூடவே அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை அம்மாவிடமும் இப்படியே விளக்கிச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லம்மா" என்ற பதில் யாருடைய பயத்தையும் தீர்த்ததில்லை.

நண்பர்கள் கதை வேறு. நான்கு பேர் பஜ்ஜி எடுக்கும் இடத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் மற்ற மூவருக்கும் தங்கள் வயிறு நினைவுக்கு வந்துவிடுகிறது; கிண்டல் அங்கே பிறக்கிறது. தவிர, பழகியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தால் தனியாகச் சாப்பிடுவதைவிட எல்லோருமே கூடுதலாகச் சாப்பிடுகிறோம். உங்களுக்கு மட்டும் மன உறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டாம்.

தனியாக மல்லுக்கட்டுவது உங்களைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதா என்பதைச் சில பழக்கங்கள் காட்டிக்கொடுக்கும். எல்லோர் முன்னாலும் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு அடுப்படி விளக்கைப் போடாமல் மிக்சர் டப்பாவைத் திறப்பது. மாலையில் விசேஷம் என்பதால் மதியச் சாப்பாட்டையே விடுவது. ஒரு மைசூர்பாகு தின்றுவிட்டதற்காக, "சரி, திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்" என்று அந்த வாரத்தையே கைவிடுவது. பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பிருந்து மட்டும் வாயைக் கட்டுவது. (கடைசித் தந்திரம் எச்.பி.ஏ.1.சி-யிடம் பலிக்காது, அது மூன்று மாதக் கணக்கு.) இவற்றில் ஓரிரண்டு உங்களிடம் இருந்தாலே, கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவதில் பயனில்லை. முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்குவது) வரலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் உணவு முறையை வீட்டார் கேலி செய்தாலும், இந்த ஒரு தகவல் மட்டும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை. என் முதல் ஆலோசனை பலருக்கு ஏமாற்றம் தரும்: தனிச் சமையல் கேட்காதீர்கள். வீட்டில் வைக்கும் அதே சாம்பார், அதே மீன் குழம்பு, அதே கீரைதான் உங்களுக்கும். மாற வேண்டியது உங்கள் தட்டில் எது எவ்வளவு என்பதும், எது முதலில் என்பதும். இதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறு. சாப்பிடும்போது காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இதில் நடைமுறைச் சிக்கல் காய்கறியில்தான் வரும். கால் கிலோ பீன்ஸை நான்கு பேருக்குப் பொரியல் செய்தால் தலைக்கு இரண்டு கரண்டி தேறும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியோ ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. எனவே வீட்டில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே சலுகை, பொரியலின் அளவு இரு மடங்காவது. அதைக் கேட்கும் முன் காய் வாங்குவதையும் நறுக்குவதையும் உங்கள் வேலையாக்கிக்கொள்ளுங்கள். இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அவரைக்காயை நார் உரித்து நறுக்கி, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க இருபது நிமிடம் போதும். வாழைப்பூ என்றால், ஒவ்வொரு பூவிலும் கள்ளனைக் கிள்ளி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டுவைத்துவிடுங்கள். ஆய்ந்து வைத்த வாழைப்பூவைச் சமைக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை.

சோற்றுக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்து, ஒரே ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்கிற பலருக்கு மதியத்துக்கு 150 கிராம் சோறு சரியான தொடக்கம். உங்களுக்குரிய அளவை உங்கள் ஆலோசகர் சொல்வார். அது எத்தனை கரண்டி என்று தெரிந்துகொண்டபின் கரண்டியை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பரிமாறினால் அளவு அவருடைய அன்பைப் பொறுத்தது. அம்மா விடமாட்டார் என்றால் முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டு நிறைய வாங்குங்கள். சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாற்றிக்கொண்டு ஐந்து சப்பாத்தி சாப்பிடுபவர்கள் உண்டு. அதுவும் மாவுதான்.

அன்பைத் தடுக்கப் பார்க்காதீர்கள், வேறு பாத்திரத்துக்குத் திருப்பிவிடுங்கள். "அம்மா, இனிமே கேசரி வேண்டாம்" என்பதைவிட, "அம்மா, நீங்க மசிக்கிற அந்த முளைக்கீரை இன்னிக்கு வேணும்" என்பது வேலை செய்யும். கொள்ளு ரசம், சுண்டல், வாழைத்தண்டுக் கூட்டு என்று அவர் கைமணத்தில் உங்களுக்கு ஏற்றவை பல இருக்கும். அவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டுப் பாராட்டுங்கள்.

பேச வேண்டியதைச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டாம். தட்டுக்கு முன்னால் நடக்கும் எந்த விவாதத்திலும் சமைத்தவர் மனம்தான் புண்படும். மாலையில் ஓய்வாக இருக்கும்போது ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் வையுங்கள். அது பழகியபின் அடுத்தது. எண்ணெய் அதற்கு நல்ல தலைப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் போதும் என்ற கணக்கில், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் சொச்சம் வரும். மளிகைச் சீட்டில் எத்தனை லிட்டர் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆயுள் முழுவதும் இப்படித்தான் என்று அறிவிக்காதீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவருக்காக ஒரு மண்டலம் முழுக்க அசைவத்தையே நிறுத்திவைக்கும் வீடுகள் நம்முடையவை. காரணம் தெரிந்து, முடியும் நாளும் தெரிந்தால் எந்தக் குடும்பமும் ஒத்துப்போகிறது. "அடுத்த பரிசோதனை வரைக்கும் மூணு மாசம் இப்படிப் பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் நாக்கும் பழகிவிடும், அவர்கள் கண்ணும் பழகிவிடும். முடிந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சமைப்பவரைக் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொன்னதை மருத்துவர் ஒரு முறை சொன்னால் கேட்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சமைப்பவரே நீங்கள் என்றால் நிலைமை இன்னும் கடினம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்களுக்குக் காய் மிஞ்சுவதில்லை. சோறும் குழம்பும்தான் மிஞ்சுகின்றன. பிள்ளை வைத்துவிட்டுப் போன அரை தோசை, வீணாகப் போகுமே என்று வாயில் போட்டுக்கொள்ளும் பொங்கல் எல்லாம் எந்தக் கணக்கிலும் வராமல் உள்ளே போகின்றன. சமையல் முடிந்ததும் முதல் வேலையாக உங்கள் பங்குப் பொரியலையும் பருப்பையும் தனியாக எடுத்து மூடிவையுங்கள். கூட்டில் தேங்காய் அரைத்து ஊற்றும் முன், தாளிக்கும் முன் உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ருசி மாறாது, உங்களுக்கு இன்னொரு அடுப்பு வேண்டாம். மிஞ்சியது குளிர்சாதனப் பெட்டிக்குப் போகட்டும், உங்கள் வயிற்றுக்கு வேண்டாம். "நமக்கென்று தனியா எடுத்து வைக்கிறதா?" என்று மாமியார் கேட்கக்கூடும். "மாத்திரை போடணும் அத்தை, டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க" என்று உங்கள் நிலைக்கேற்பச் சொல்லிவிட்டு உட்காருங்கள். இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

கல்யாணப் பந்தியில் இலையின் வரிசையே உங்களுக்குச் சாதகம். சோறு வரும் முன்பே பொரியல், கூட்டு, பச்சடி வந்துவிடுகின்றன. அவற்றைச் சாப்பிடத் தொடங்குங்கள். வேண்டாதவற்றை இலையில் விழுந்தபின் ஒதுக்கினால் பந்தி விசாரிப்பவர் கண்ணில் படும். பரிமாறுபவர் குனியும்போதே கையை நீட்டிப் "போதும்" என்று சொல்லிவிடுங்கள். இனிப்புகளில் பிடித்த ஒன்றை மட்டும் வாங்கி நிதானமாகச் சாப்பிடலாம். சாம்பாருக்கு ஒரு முறை சோறு போதும். ரசத்தையும் மோரையும் டம்ளரில் கேட்டு வாங்குங்கள். இரண்டு சுற்றுச் சோறு மிச்சம்.

டீக்கடையில் சமாளிப்பது எளிது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு நாளைக்கு நான்கு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் 25 கிராமை அதுவே தாண்டிவிடுகிறது. முதல் வாரம் "சர்க்கரை கம்மி", பிறகு "சர்க்கரை இல்லாம". பஜ்ஜிக்குப் பதில் அவித்த கடலையோ சுண்டலோ கையில் இருந்தால் வெறுங்கையோடு நிற்கும் சங்கடமும் இல்லை. கிண்டலுக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். விளக்கம் விவாதமாகும், விவாதம் பந்தயமாகும். "இப்ப வேண்டாம்டா" என்று ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அவர்களுக்கு அலுத்துவிடும். பிரியாணிக்குப் போனால் ஒரு பிளேட்டை இருவராகப் பகிர்ந்து, கூட ஒரு முட்டையும் நிறைய வெங்காயப் பச்சடியும் எடுத்துக்கொள்ளலாம். நண்பர்கள் கூடும் இடத்தில் மதுவும் வந்தால் ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன வகை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மது அருந்துவது தாழ்சர்க்கரைக்கு நேர்வழி.

உங்களுக்கு ஒத்துழைக்காத அதே உறவினர்கள் குறுக்குவழிகளை மட்டும் தாராளமாகச் சொல்வார்கள். பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ ஆகியவற்றை உணவாக அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். கஞ்சி வடித்த சோறு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட முடியாது. சாமையும் தினையும் நல்ல தானியங்கள், ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்து; மாவாக்கிக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். "சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளைத் தொடவே வேண்டாம். இப்படி விற்கப்பட்ட சில தயாரிப்புகளில், சீட்டில் குறிப்பிடாத ஆங்கில மருந்துகள் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள். அடுத்த வேளையை வழக்கமான தட்டோடு தொடருங்கள், அவ்வளவுதான். ஒளித்துச் சாப்பிடுவதும் அதன்பின் தன்னைத்தானே வெறுப்பதும் வாரக்கணக்கில் நீண்டால், அதற்கு மனநல ஆலோசகரின் உதவி தேவை. தயங்காமல் உங்கள் மருத்துவரிடமே கேட்டுப் போங்கள்.

பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்குச் சர்க்கரைக் கோளாறு இருந்தால், மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். உங்களைக் கிண்டல் செய்யும் அண்ணனுக்கும், கூடுதல் கரண்டி வைக்கும் அம்மாவுக்கும் இது பொருந்தும். இதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உங்கள் அடுத்த பரிசோதனைக்குப் போகும் நாளில் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.